பேதி உப்பும் இருதய ரண சிகிச்சையும்

எப்ஸம் உப்பு என்னும் பேதி உப்பை அறியாத நேயர்கள் இரார். வாயில் வைத்தாலே முகம் அஷ்டகோணலாகும், அத்தனை கசப்பு! அதே உப்பு, சுத்தி செய்யப்பட்டு, இருதயத்தில் ரண சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ரத்தக் குழாய் வழியே செலுத்தப்படுகிறது. அதிலுள்ள மக்னீஷியம் என்ற தாதுவை உத்தேசித்தே இந்த ஏற்பாடு.

இச்சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 20 முதல் 40 பேருக்கு, பெரும்பாலும் 2-ஆம் நாளுக்கும் 4-ஆம் நாளுக்கும் இடையில், நாடி தாளம் தப்பி ஓடத் தொடங்குகிறது. இருதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குகின்றன. அநேகருக்கு இது விரைவில் அடங்கிவிடும். ஆயினும், நடுங்கும் அறையில் தேங்கிய ரத்தம் உறைந்து மூளைக்குச் சென்றுவிட்டால் பக்கவாதம் நேரும். ஆகவேதான் வைத்தியர்கள் அந்த நாட்களில் கண்ணும் கருத்துமாக இருக்கிறார்கள்.

இருதயம் துடிப்பது பொட்டாசியம், கால்ஷியம் முதலியவை அதன் அணுவறைகளுக்குள் புகுந்தும் வெளிப்பட்டும் உண்டாக்கும் மின்சாரத்தினால். மக்னீஷியமோ அங்கே வாயிற்காப்போன். அது குறைந்தால் கால்ஷியம் மிகுதியாக உள்ளே நுழையும். பொட்டாசியமோ எவ்வளவு கொடுத்தாலும் தங்காது. சிகிச்சையின்போது இருதயத்துக்குப் பதிலாக வேலை செய்யும் யந்திரத்தில் ரத்தம் வேறு திரவத்துடன் கலந்து நீர்த்துப் போகிறது. பிறகு நீர் இறங்கக் கொடுக்கும் மருந்துகளும் மக்னீஷியத்தைச் சிறுநீருடன் வெளியேற்றிவிடுகின்றன. நம் உடலில் உள்ள சுமார் 25 கிராம் மக்னீஷியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் இல்லை. ஆதலால் ரத்தப் பரிசோதனை ஒன்றைக் கொண்டு குறையை முற்றும் அறிய இயலாது.

கொடுத்தால் பலன் உண்டா? சிறிய பரிசோதனைகள் பலவற்றில் தாளக்கேடு குறைந்தது. எது மருந்து, எது வெறும் திரவம் என்று வைத்தியருக்கே தெரியாதபடி நடத்திய பிற்காலப் பரிசோதனைகள் சிலவற்றில் அந்தப் பலன் காணப்படவில்லை. குறை இருப்பவருக்கு அதை நிரப்புவது நியாயம். எல்லோருக்கும் சஞ்சீவி என்று கொண்டாடுவது நமக்குச் சம்மதமில்லை.

வீடு திரும்பிய பெரியவருக்கு, யாரோ சொன்னார்கள் என்று மக்னீஷிய மாத்திரை வாங்கிக் கொடுப்பதோ அபாயமான காரியம். உடலில் மிகுந்ததை வெளியேற்றுவது சிறுநீரகமே. அது தளர்ந்திருந்தால் மக்னீஷியம் ரத்தத்தில் சேர்ந்து தசைகள் சோரும், நாடி மந்தமாகும், மூச்சும் அடங்கிவிடக் கூடும். இதற்கு மாற்றாக ஆஸ்பத்திரியில் கால்ஷியத்தை ஊசி மூலம் செலுத்துவார்கள். வீட்டிலே யார் செலுத்துவது? கீரை, பயறு, கேழ்வரகு, நிலக்கடலை ஆகியவற்றில் மக்னீஷியம் தாராளமாக உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இவற்றின் அளவையும் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.