இரண்டு உரங்களின் அளவை அறியும் கணக்கு

ஏக்கருக்கு ஒவ்வோர் உரத்திலும் ஒரு மூட்டை என்று இடும் வழக்கம் பல கிராமங்களில் உண்டு. இதனால் பணம் விரயமாவதுடன் பயிருக்கும் கேடு நேரக்கூடும். இதனைத் தவிர்ப்பதற்குப் பள்ளியில் கற்ற சமன்பாட்டுக் கணக்கே போதுமானது.

மண் பரிசோதனை செய்யப்படாத நிலங்களில், மத்திய கால நெல்லுக்கு ஹெக்டேருக்குத் தழைச்சத்து 150, மணிச்சத்து 50, சாம்பல்சத்து 50 கிலோ இடும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பொதுவாகச் சிபாரிசு செய்கிறது. ஏக்கருக்கு இது ஏறக்குறைய 60, 20, 20 கிலோ ஆகும். தழைச்சத்தை நான்கு சம பாகங்களாகப் பிரித்து இடவேண்டும். மணிச்சத்து முழுவதும் அடியுரமாகும். ஆகவே அடியுரத்துக்கு வேண்டுவது தழைச்சத்து 15 கிலோ, மணிச்சத்து 20 கிலோ. சாம்பல்சத்தைப் பொட்டாஷ் உரமாகத் தனியே இடலாமாதலின் அது இக்கணக்கில் சேராது.

கைவசம் இருப்பவை டி.ஏ.பி.யும் 20:20 காம்ப்ளக்ஸ் உரமும் என்று கொள்வோம். 100 கிலோ டி.ஏ.பி.யில் தழைச்சத்து 18 கிலோ, மணிச்சத்து 46 கிலோ. 100 கிலோ காம்ப்ளக்ஸில் ஒவ்வொன்றும் 20 கிலோ. வேண்டிய டி.ஏ.பி. 'ட' கிலோ, காம்ப்ளக்ஸ் 'க' கிலோ என்க. பின்னம் வாராதபடி இருபுறமும் நூறால் பெருக்கினால்,

தழைச்சத்து: 18 ட + 20 க = 1500
மணிச்சத்து: 46 ட + 20 க = 2000

முதற் சமன்பாட்டின்படி, 20 க = 1500 - 18 ட. இரண்டாவதில் 20 க என்பதை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக இதனை இடுக:

46 ட + 1500 - 18 ட = 2000
28 ட = 500
ட = 17.9

இவ்விடையை முதற் சமன்பாட்டில் இட்டால் க = 58.9 ஆகும். முழு எண்ணாக டி.ஏ.பி. 18 கிலோ, காம்ப்ளக்ஸ் 59 கிலோ. விடையைச் சரிபார்த்தல் அவசியம். தழைச்சத்து 3.24 + 11.80 = 15.04 கிலோ, மணிச்சத்து 8.28 + 11.80 = 20.08 கிலோ. கணக்கு சரியே.

இனி, மூட்டைக்கு 50 கிலோவாக ஒவ்வொன்றிலும் ஒரு மூட்டை இட்டிருந்தால் விளைவு யாது? தழைச்சத்து 19 கிலோவும் மணிச்சத்து 33 கிலோவும் சேர்ந்திருக்கும். விலையுயர்ந்த மணிச்சத்தில் 13 கிலோ மிகை. அம்மிகையினால் நெற்பயிர் துத்தநாகச்சத்தை ஏற்பதும் குறையும்.

மண் பரிசோதனை முடிவு கிடைத்தவர்கள் 1500, 2000 என்னும் எண்களுக்குப் பதிலாகத் தங்கள் நிலத்துக்குரிய எண்களை நூறால் பெருக்கி இட்டுக்கொள்க. வேறு உரங்களாயின் மூட்டையில் அச்சிட்ட சத்து விகிதத்தைக் கொள்க. விடை பூஜ்யத்துக்குக் கீழே வருமாயின், அவ்விரண்டு உரங்களைக் கொண்டு அத்தேவையைச் சரியாக நிறைவேற்ற இயலாதென அறிந்து, வேறு உரத்தை நாடவேண்டும்.

கிராம அலுவலர்கள் உரம் வாங்கும் பருவத்துக்கு முன்பே இக்கணக்கை விவசாயிகளுக்கு ஒருமுறை போட்டுக் காட்டுவார்களாயின் பெரும் பயன் விளையும்.