வால்வு மாற்றிய பின் ஆயில் என்ஜினில் கம்ப்ரஷன் இல்லையா? ரிங்கை மாற்றும் முன் கவனியுங்கள்

பயிர் தண்ணீருக்கு ஏங்கும் நாளில்தான் ஆயில் என்ஜின் மக்கர் செய்யும் என்பது விவசாயிகள் பலருடைய அனுபவம். மின் இணைப்புக்குக் காத்திருப்போரும், வாய்க்கால், குட்டைகளிலிருந்து தண்ணீர் இறைப்போரும் இன்றும் 5 குதிரைத் திறன் கொண்ட ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜினை நம்பியிருக்கின்றனர். அந்த என்ஜினுக்கு வால்வு வேலை பார்த்துக் கொண்டு வந்து பூட்டிய பிறகு, முன்பிருந்த கம்ப்ரஷனும் போய்விட்டால் விவசாயி என்ன செய்வது?

விழுப்புரம் மாவட்டத்தில், செம்மண் நிலத்தில் ஒரு ஏக்கர் இறவைக் கடலை போட்டிருந்த ஒரு சிறு விவசாயிக்கு இந்த நிலைதான் ஏற்பட்டது. விதைத்து 45 நாள் ஆகியிருந்தது. ஜிப்சம் இட்டு மண் அணைத்தாயிற்று. விழுது இறங்கும் பருவம். இந்தச் சமயத்தில் செம்மண் காய்ந்து இறுகினால் விழுது மண்ணுக்குள் போகாது. போகாத விழுதில் காய் இல்லை. அதற்கு நான்கு நாள் முன்புதான் டவுனில் என்ஜினுக்குப் புது வால்வு இரண்டும், புது புஷ் ராடுகளும் போட்டு, ராக்கருக்குப் புஷ் மாற்றியிருந்தார். என்ஜின் காலையில் கிளம்பியது. இருபது நிமிடம் ஓடித் திணறி நின்றது. பிறகு ஹேண்டில் போட்டால் பிளைவீல் தடையே இல்லாமல் சுற்றியது. மறுநாள் காலை மீண்டும் கிளம்பி, மீண்டும் அதே இருபது நிமிடத்தில் நின்றது.

ரிங் போய்விட்டது, லைனரும் பிஸ்டனும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். அறுவடைக் கூலிக்கென்று வைத்திருந்த பணத்தை எடுக்க வேண்டிய நிலை. பக்கத்து ஊரிலிருந்து வந்த வயதான பிட்டர் ஒருவர் மட்டும், "வால்வுல கை வச்ச பிறகுதானே தம்பி இப்படி நின்னுது? ரிங்குல யாரும் கை வைக்கலியே. கை வச்ச இடத்த மொதல்ல பாப்போம்" என்றார்.

என்ஜின் பழுது பார்ப்பதில் இதைவிடப் பெரிய பாடம் இல்லை. ஒரு வேலை முடிந்த உடனே புதிய கோளாறு தோன்றினால், அந்த வேலையிலேயே காரணத்தைத் தேட வேண்டும். அதிலும் காசு செலவில்லாத சோதனைகளை முதலில் செய்ய வேண்டும்.

கம்ப்ரஷன் ஏன் தேவை?

டீசல் என்ஜினில் தீப்பொறி தர பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் மேலே தள்ளி, ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு இடத்துக்குள் அழுத்துகிறது. ஓடும் என்ஜினில் அந்தக் காற்று சுமார் 500 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில்தான் நாசில் தெளிக்கும் டீசல் பற்றிக்கொள்கிறது. காற்று வழியில் கசிந்துவிட்டால் சூடு குறையும், டீசல் பற்றாது. ஹேண்டில் போடும்போது பிளைவீல் மெதுவாகச் சுற்றுவதால் காற்று கசிவதற்கு அதிக நேரம் கிடைக்கிறது. ஆகவே சிறிய கசிவுகூட என்ஜினைக் கிளம்பவிடாமல் செய்துவிடும்.

காற்று வெளியேற முக்கியமான வழிகள் நான்கு. இன்லெட் வால்வு, எக்ஸாஸ்ட் வால்வு, ஹெட் பேக்கிங், பிஸ்டன் ரிங் ஆகியவை அவை. எந்த வழியில் போகிறது என்பதை என்ஜினே காட்டிக்கொடுக்கும்.

காதால் கண்டுபிடிக்கலாம்

முதலில் டீசல் வரும் குழாயை மூடி, ஸ்டாப் லீவரை நிறுத்தும் நிலையில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கையால் சுற்றும்போதே என்ஜின் பற்றிக்கொண்டு ஆபத்து நேரிடும். தொங்கும் துண்டையும் வேட்டி முனையையும் இறுக்கிக்கொள்வது நல்லது. டீகம்ப்ரஷன் லீவரை விடுவித்து, பிளைவீலை ஓடும் திசையில் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். நல்ல என்ஜினில் பிஸ்டன் மேலே வரும்போது பிளைவீல் முரண்டு பிடிக்கும். விட்டால் பின்னுக்குத் துள்ளும். முரண்டு இல்லாவிட்டால், மற்றொருவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

ஏர் கிளீனர் பக்கம் 'உஸ்' என்ற ஓசை வந்தால் இன்லெட் வால்வு மூடவில்லை. சைலன்சர் குழாயில் ஓசை வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு மூடவில்லை. ஆயில் ஊற்றும் வாய் அல்லது பிரீதர் வழியாகக் காற்று புஸ்ஸென்று வந்தால் ரிங், லைனர் பக்கம் சந்தேகப்படலாம். ஹெட் பொருந்தும் விளிம்பில் சோப்பு நீர் தடவி, குமிழி வந்தால் பேக்கிங் கசிகிறது. தண்ணீரால் குளிரும் என்ஜினில், வெளியேறும் தண்ணீரில் காற்றுக் குமிழி வந்தாலும் பேக்கிங்கையோ, ஹெட்டில் விரிசல் உண்டா என்பதையோ பார்க்க வேண்டும்.

டாப்பெட் இடைவெளி

வால்வு வேலைக்குப் பின் கம்ப்ரஷன் போவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது டாப்பெட் இடைவெளிதான். வால்வு சீட்டைக் கடைந்தாலும், வால்வை அரைத்தாலும் வால்வு ஹெட்டுக்குள் சற்று மேலேறி உட்காரும். அதன் தண்டின் நுனி ராக்கரை நெருங்கும். பழைய அளவிலேயே திருகை விட்டுவிட்டால் இடைவெளி குறைந்து, ராக்கர் வால்வை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். வால்வு முழுதாக மூடாது.

சத்தம் வரக் கூடாது என்று டாப்பெட்டை இடைவெளியே இல்லாமல் இறுக்கிவிடுவதும் உண்டு. குளிர்ந்த நிலையில் என்ஜின் கிளம்பும். சூடேறியதும் வால்வின் தண்டு நீளும். நீள்வதற்கு இடமில்லாததால் வால்வு சீட்டை விட்டுத் தூக்கிக்கொள்ளும். கம்ப்ரஷன் போய் என்ஜின் நிற்கும். ஆறினால் மீண்டும் கிளம்பும். 'காலையில் ஓடுகிறது, சூடானால் நிற்கிறது' என்ற குறைக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே. இப்படியே ஓட்டினால் வால்வின் விளிம்பில் நெருப்பு சீறி, புது வால்வும் சில நாட்களில் கருகிவிடும்.

இடைவெளி பார்க்க, பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் நிற்க வேண்டும். பிளைவீலில் உள்ள குறியை மட்டும் நம்பக் கூடாது. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது. குறி நேராக வரும்போது இரண்டு ராக்கர்களும் அசைந்தால் அது புகை வெளியேறும் உச்சி. இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றினால் கம்ப்ரஷன் உச்சி கிடைக்கும். அங்கே இரண்டு ராக்கர்களும் அசையாமல் நிற்கும்.

என்ஜினுடன் வந்த கையேட்டில் கண்ட அளவைப் ஃபீலர் கேஜ் கொண்டு வைக்க வேண்டும். சிறிய என்ஜின்கள் பலவற்றில் இது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். ஆனால் மெதுவாகச் சுற்றும் பழைய வகை என்ஜின்களில் இதைவிட அதிகம். பிளேடு லேசான பிடிப்போடு நுழைந்து வர வேண்டும். லாக் நட்டை இறுக்கிய பின் மறுமுறை பார்ப்பது அவசியம். இறுக்கும்போது திருகு நகர்ந்துவிடும். கையேட்டில் குளிர்ந்த நிலை அளவா, சூடான நிலை அளவா என்பதையும் கவனிக்க வேண்டும்.

லீவரும் புஷ் ராடும்

டாப்பெட்டைச் சரிசெய்தவர்கள் டீகம்ப்ரஷன் லீவரை மறந்துவிடுவார்கள். லீவரை விடுவித்த பிறகும் அதன் முனை ராக்கரையோ வால்வையோ தொட்டுக்கொண்டிருந்தால் கம்ப்ரஷன் நிற்காது. விடுவித்த நிலையில் சிறு இடைவெளி தெரிய வேண்டும்.

கம்ப்ரஷன் உச்சியில் இரண்டு புஷ் ராடுகளையும் விரலால் உருட்டினால் எளிதில் உருள வேண்டும். உருளாத ராடு அழுத்தத்தில் இருக்கிறது என்று பொருள். சில என்ஜின்களில் இன்லெட், எக்ஸாஸ்ட் புஷ் ராடுகளின் நீளம் வேறுபடும். இடம் மாறியிருந்தாலும், குழியில் சரியாக உட்காராமல் இருந்தாலும், வளைந்திருந்தாலும் கோளாறுதான். கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும்.

வால்வு சீட்டு

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஓசை வந்தால்தான் ஹெட்டைக் கழற்ற வேண்டும். கழற்றிய ஹெட்டில் வால்வும் ஸ்பிரிங்கும் பூட்டியபடியே, காற்று வரும் துளையிலும் புகை போகும் துளையிலும் மாறி மாறி டீசல் அல்லது மண்ணெண்ணெய் ஊற்றி, ஐந்து நிமிடம் வைத்துப் பார்க்கலாம். வால்வின் விளிம்பில் ஈரம் கசிந்தால் சீட்டு பொருந்தவில்லை. பேஸ்ட் போட்டு மீண்டும் அரைக்க வேண்டும். அரைத்த பின் வால்விலும் சீட்டிலும் மங்கிய சாம்பல் நிற வளையம் எங்கும் அறுபடாமல் தெரிய வேண்டும்.

பேஸ்ட்டைத் துளிகூட விடாமல் டீசலில் கழுவித் துடைக்க வேண்டும். சிலிண்டருக்குள் விழுந்த பேஸ்ட் லைனரையும் ரிங்கையும் தேய்த்துவிடும். அப்புறம் ரிங் போய்விட்டது என்பது உண்மையாகிவிடும்.

புது கைடு போட்டிருந்தால் அதன் துளை இறுக்கமாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இறுக்கமான கைடில் வால்வு சூட்டில் பிடித்துக்கொள்ளும். இன்லெட் வால்வை எக்ஸாஸ்ட் பக்கம் மாற்றிப் போடுவதும் தவறு. எக்ஸாஸ்ட் வால்வு அதிகச் சூடு தாங்கும் உலோகத்தால் ஆனது. மற்றது அங்கே சீக்கிரம் கருகும்.

ஹெட் பேக்கிங்

பழைய பேக்கிங்கையே மறுபடி போடுவது, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போடுவது ஆகிய இரண்டும் கூடாது. கனமான பேக்கிங் பிஸ்டனுக்கு மேலுள்ள இடத்தைப் பெரிதாக்கிக் கம்ப்ரஷனைக் குறைக்கும். எங்கும் கசிவு இல்லாமலே கம்ப்ரஷன் குறைந்திருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். சீட்டை அதிகம் கடைந்து வால்வு ஆழத்தில் உட்கார்ந்தாலும் இதே குறைதான் வரும்.

ஹெட் நட்டுகளை மூலைக்கு மூலை, இரண்டு மூன்று தடவையாக இறுக்க வேண்டும். என்ஜின் ஓடி ஆறிய பிறகு மீண்டும் ஒருமுறை இறுக்குவது வழக்கம். அப்போது ஹெட் சற்றுக் கீழிறங்குவதால் டாப்பெட் இடைவெளியும் குறையும். ஆகவே ஹெட்டை இறுக்கியதும் டாப்பெட்டை மறுபடி பார்க்க வேண்டும். இந்த ஒன்றை விட்டுவிடுவதால் மட்டுமே பல என்ஜின்கள் மீண்டும் பட்டறைக்குப் போகின்றன.

ரிங்தானா என்று அறிய

ரிங்கைப் பற்றிச் சந்தேகம் தீராவிட்டால், ஹெட்டை மாட்டிய நிலையில் இன்லெட் துளை வழியாக ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி என்ஜின் ஆயில் ஊற்றி, லீவரைத் தூக்கிப் பத்துச் சுற்று சுற்ற வேண்டும். பிறகு லீவரை விட்டுப் பார்க்க வேண்டும். கம்ப்ரஷன் நன்றாகக் கூடினால் ரிங் அல்லது லைனர் தேய்ந்திருக்கிறது. பழையபடியே இருந்தால் குறை வால்விலோ ஹெட் பேக்கிங்கிலோ இருக்கலாம்.

அளவுக்கு மேல் ஆயில் ஊற்றக் கூடாது. பிஸ்டனுக்கு மேல் உள்ள இடம் மிகவும் சிறியது. அதிக ஆயில் பொய்யான கம்ப்ரஷனைக் காட்டும், கனெக்டிங் ராடையே வளைத்துவிடவும் கூடும். சோதனை முடிந்ததும் லீவரைத் தூக்கி நன்றாகச் சுற்றி ஆயிலை வெளியேற்றிய பிறகே என்ஜினைக் கிளப்ப வேண்டும்.

வால்வு வேலைக்கு முன்பே நீலப் புகை, ஆயில் குறைவு, பிரீதரில் புகை ஆகியவை இருந்திருந்தால் ரிங்கையும் பார்க்கத்தான் வேண்டும். இவை எதுவும் இல்லாத என்ஜினில் நான்கே நாளில் ரிங் தேய்ந்துவிடாது.

வேலைக்குக் கொடுக்கும்போது

மாற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த அளவில் டாப்பெட் வைக்கப்பட்டது என்று கேட்டு, கையேட்டிலேயே தேதியுடன் குறித்துக்கொள்ளலாம். அரை மணி நேரமாவது என்ஜினைச் சூடாக ஓட்டி, நிறுத்தி, உடனே மறுபடி கிளம்புகிறதா என்று பார்த்த பிறகே கூலி கொடுப்பது நல்லது. ஃபீலர் கேஜ் ஒன்று வீட்டில் இருந்தால் பல வருடம் உதவும்.

விழுப்புரம் விவசாயியின் என்ஜினில் ஓசை சைலன்சர் குழாயில்தான் வந்தது. எக்ஸாஸ்ட் டாப்பெட்டில் ஃபீலர் கேஜின் மிக மெல்லிய பிளேடுகூட நுழையவில்லை. திருகைத் தளர்த்தி அளவு வைத்ததும் பிளைவீல் முரண்டு பிடித்தது. நல்ல வேளையாக வால்வு இன்னும் கருகவில்லை. அன்று மாலை கிளம்பிய என்ஜின், இரவு முழுவதும் நிற்காமல் ஓடி ஒரு ஏக்கரையும் நனைத்தது. லைனருக்குப் போகவிருந்த பணம் அறுவடைக் கூலிக்கே இருந்தது.

என்ஜினைப் பற்றி மேலும் விவரம் தேவைப்படும் விவசாயிகள் அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையோ, வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகிக் கேட்டறியலாம்.