மூக்கை இடம் மாற்றினால் இன்ஜின் ஏமாறும்
புதிய சைலன்சர் மாட்டுவோர் ஆக்சிஜன் சென்சாரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

திருப்பதி அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் வண்டி த்ராட்டிலை முறுக்க முறுக்கப் பெட்ரோலை அள்ளிக் குடிக்கிறது. 1944ல் திறந்த பழைய மலைப்பாதையில் இறங்கும்போதோ, த்ராட்டிலை விட்டதும் பெட்ரோல் அநேகமாக நின்றுவிடுகிறது. இந்த மாற்றத்தைப் புகைக்குழாயில் உட்கார்ந்து மோப்பம் பிடிப்பது ஆக்சிஜன் சென்சார். 2020 ஏப்ரல் 1ல் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் சித்தூர், திருப்பதித் தெருக்களில் ஓடும் சாதாரண பைக்குகளிலும் இது இருக்கிறது.

எப்படி வேலை செய்கிறது?

உள்ளே சிர்கோனியா என்ற பீங்கான். அதன் ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் வித்தியாசம் மின்னழுத்தமாகிறது. புகையில் காற்று மிஞ்சினால் சுமார் 0.1 வோல்ட், பெட்ரோல் மிஞ்சினால் சுமார் 0.9 வோல்ட். ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்ற கணக்கை ஒட்டி, இன்ஜினின் கணினியான ஈ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது.

எங்கே வைக்க வேண்டும்?

சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் சென்சார் சரியாகப் பேசும். இன்ஜினையும் சைலன்சரையும் இணைக்கும் பெண்ட் பைப்பை மாற்றி, சென்சாரை இன்ஜினிலிருந்து தள்ளி வைத்தால் அது சூடேறத் தாமதமாகும். குழாயின் அடிப்பக்கம் வைத்தால் புகையிலுள்ள ஈரம் தேங்கிப் பீங்கான் விரிசல் விடும். சென்சார் படுக்கைவாட்டத்துக்கு மேலே 10 டிகிரியாவது சாய்ந்திருக்க வேண்டும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்க வேண்டும்.

ஒயரை நீட்டலாமா?

நான்கு ஒயர் சென்சாரில் இரண்டு ஹீட்டருக்கு, ஒன்று சிக்னலுக்கு, மற்றொன்று சிக்னல் எர்த்துக்கு. பல மாடல்களில் வெள்ளை இரண்டும் ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் எர்த். ஆனால் நிறத்தை மட்டும் நம்பாமல் வண்டியின் ஒயரிங் படத்தைப் பார்ப்பது நல்லது. சூடு தாங்கும் ஒயரைக் கிரிம்ப் செய்து இணைக்க வேண்டும். ஈயம் வைத்துப் பற்றவைக்கக் கூடாது. பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் வெளிக்காற்றை ஒயரின் இழைகளுக்கு இடையிலிருந்தே இழுக்கின்றன. ஈயம் அந்த வழியை அடைத்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அனுமதியில்லாத மாற்றங்களைத் தடுக்கிறது. மீறினால், 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு சென்சாரை ஏமாற்றும் வேலையும் இதில் மாட்டும்.

சைலன்சர் மாற்றியபின் மைலேஜ் குறைந்தால், உடனே சென்சாரைக் குறைசொல்லிப் புதிதாக வாங்க வேண்டாம். சென்சாருக்கு முன்னால் உள்ள வெல்டிங்கையும் கேஸ்கெட்டையும் முதலில் பாருங்கள். அங்கே ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே வரும். காற்று மிஞ்சிவிட்டது என்று நம்பி ஈ.சி.யூ. வீணாகப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும்.