படகோட்டிகளுக்குப் பயிற்சியும் உரிமமும்

பாலங்கள் பல கட்டப்பட்டுவிட்ட இந்நாளிலும், படகையே பாதையாகக் கொண்ட ஊர்கள் நம் மாநிலத்தில் இல்லாமற் போகவில்லை. கொள்ளிடத்தின் நடுவே அமைந்த திட்டுகளில் குடியிருப்போர் வெள்ளக் காலத்தில் படகின்றிக் கரை சேர இயலாது. மேட்டூர், பவானிசாகர் போன்ற நீர்த்தேக்கங்களின் கரையோர ஊர்களில் உழவர்கள் பரிசலேறி அக்கரை செல்கின்றனர். பழவேற்காடு ஏரியிலும் பிச்சாவரத்து உப்பங்கழிகளிலும் மீன்பிடிக்கவும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லவும் படகுகள் ஓடுகின்றன. இப்படகுகளின் பலகை உறுதியானதா, எஞ்சின் புதியதா என்றெல்லாம் விசாரிக்கும் நாம், அவற்றைச் செலுத்துபவர் எங்கே பயின்றார், அவரிடம் என்ன சான்று உள்ளது என்று கேட்பது மிக அரிது. பேருந்து ஓட்டுநருக்கு லைசென்ஸ் இல்லையெனத் தெரிந்தால் அந்தப் பேருந்தில் எவரும் ஏறமாட்டார். படகின் விஷயத்தில் மட்டும் நமக்கு அந்த எண்ணம் தோன்றுவதில்லை.

இந்த அசட்டைக்கு நாம் கொடுத்த விலை சிறிதன்று. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் பழவேற்காடு ஏரியில், மீன்பிடிப் படகொன்றில் உல்லாசமாகச் சென்றவர்களுள் 22 பேர் படகு கவிழ்ந்து மாண்டனர். அண்டை மாநிலமான கேரளத்தில், 2009 செப்டம்பர் 30இல் தேக்கடி ஏரியில் இரட்டைத் தட்டுப் படகொன்று சாய்ந்து 45 பேர் உயிரிழந்தனர். 2023 மே 7இல் மலப்புரம் மாவட்டத்துத் தானூரில் மேலும் 22 பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர். தானூரில் கவிழ்ந்தது மீன்பிடிப் படகாக இருந்து உல்லாசப் படகாக மாற்றப்பட்டதாகும். அளவுக்கு மேல் ஆட்கள் ஏறியிருந்தனர். பொழுது சாய்ந்த பின்னரும் அதனைச் செலுத்தினர். புயலோ பெருவெள்ளமோ அங்கு இல்லை. கரையிலேயே தடுத்திருக்கக் கூடிய விபத்து அது.

இனி, சட்டம் என்ன சொல்லுகிறது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். ஆறு, கால்வாய், ஏரி முதலிய உள்நாட்டு நீர்நிலைகளில் ஓடும் எஞ்சின் படகுகளுக்கு 1917ஆம் ஆண்டுச் சட்டமே நூறாண்டுக்கு மேல் வழிகாட்டியாக இருந்து வந்தது. அதற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2022 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. இதன்படி எஞ்சின் பூட்டிய கலத்தைப் பதிவு செய்தல் வேண்டும். அதனைப் பரிசோதித்துச் சான்று பெறுதல் வேண்டும். அதைச் செலுத்துவோர் தகுதிச் சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும். ஒரு மாநிலத்தில் பெற்ற சான்று நாடு முழுவதும் செல்லும். துடுப்பாலும் கழியாலும் ஓடும் எஞ்சினில்லாக் கலங்களைப் பொறுத்தவரை, மாநில அரசு தன் பொறுப்புகள் சிலவற்றை உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைக்கவும் இச்சட்டம் இடமளிக்கிறது. பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். ஊர் ஓடமும் பரிசலும் நாளை நமது ஏட்டிலேயே பதிவாகக் கூடும். கடலில் மீன்பிடிக்கும் படகுகளுக்கு வேறு சட்டங்கள் உண்டு; அவற்றை இங்கே விரிக்கவில்லை.

படகுப் பணியாளருள் படிகள் உண்டு. கயிறு பிடித்தல், நங்கூரம் இடுதல் போன்ற வேலைகளைச் செய்பவர் லாஸ்கர். சிறு கலத்தின் பொறுப்பை ஏற்றுச் சுக்கான் பிடிப்பவர் சாரங்கு. பெரிய கலத்துக்கு மாஸ்டர். எஞ்சினைக் கவனிப்பவர் டிரைவர். கேரளத்தில் உப்பங்கழிகளில் படகு ஓட்டுவோர் லாஸ்கராகத் தொடங்கிச் சாரங்காகவும் மாஸ்டராகவும் உயர்வதற்கு வகுப்புகளும் தேர்வுகளும் நடைபெறுகின்றன. (சாரங்கு என்பது தலைவன் எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. நம் கடற்கரை மக்களுக்கு அது புதிய சொல்லன்று.)

பயிற்சி என்றால் என்ன கற்பிப்பார்கள் என்று கேட்பவர்கள் பலர். முதற்பாடம் பாரம் பற்றியது. அதை உழவர்களாகிய நாமும் அறிந்திருத்தல் நலம். படகுத் தொழிலில் ஆள் ஒருவருக்கு 75 கிலோ என்று கணக்கிடுவது வழக்கம். யூரியா மூட்டை ஒன்று 45 கிலோ. ஆகவே 20 மூட்டை யூரியா 900 கிலோ. அதாவது பன்னிரண்டு பேரின் எடை. இருபது பேருக்கு அனுமதி பெற்ற படகில் பன்னிரண்டு பேர் அமர்ந்து இருபது மூட்டையையும் ஏற்றினால், பார்ப்பவர் கண்ணுக்குப் படகில் இடம் இருப்பது போலத் தோன்றும். உண்மையில் இருபத்துநான்கு பேரின் பாரம் ஏறியாயிற்று. மோட்டார் சைக்கிள் ஒன்றை ஏற்றினால் ஒருவருக்கு மேற்பட்ட எடை கூடும். பயிற்சி பெற்றவர் மூட்டையையும் ஆளையும் ஒரே கணக்கில் கூட்டக் கற்றிருப்பார்.

பாரத்தின் அளவைப் போலவே அது இருக்கும் இடமும் முக்கியமாகும். வைக்கோலை மிக உயரமாக அடுக்கிய வண்டி மேட்டிலும் பள்ளத்திலும் எப்படித் தள்ளாடும் என்பது நமக்குத் தெரியும். படகும் அவ்வாறே. மூட்டைகளை அடித்தளத்தில் பரப்பி வைத்தால் அது நிதானமாக நிற்கும்; பாரம் உயர உயரச் சாயும் இயல்பு மிகும். அமர்ந்திருப்பவர் எழுந்து நின்றாலே பாரம் உயர்ந்துவிடுகிறது. அனைவரும் எழுந்து ஒருபுறம் சென்றால் சொல்ல வேண்டியதில்லை. தேக்கடியிலும் பயணிகள் ஒருபுறமாகத் திரண்டதே படகு சாயக் காரணம் என்று அப்போது கூறப்பட்டது. அடியில் கசிந்து தேங்கும் நீரையும் அற்பமாக எண்ணக் கூடாது. படகு எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமே அந்த நீரும் ஓடி, சாய்வை மேலும் பெருக்கும். புறப்படுமுன் நீரை இறைத்துவிட வேண்டும் என்பதன் காரணம் இதுதான்.

அடுத்தது நீர்வழி விதிகள். நம் நாட்டில் சாலையில் இடப்புறம் செல்கிறோம். நீரில் இரு எஞ்சின் படகுகள் நேருக்கு நேர் வந்தால் இரண்டும் தத்தம் வலப்புறம் ஒதுங்க வேண்டும். டிராக்டர் ஓட்டிப் பழகிய இளைஞன் படகில் ஏறியதும் முதலில் தவறுவது இங்கேதான். இரவில் படகின் இடப்புறத்தில் சிவப்பு விளக்கும் வலப்புறத்தில் பச்சை விளக்கும் எரிய வேண்டும். நமது வலப்புறத்திலிருந்து குறுக்கே வரும் எஞ்சின் படகின் சிவப்பு விளக்கு நம் கண்ணுக்குத் தெரியும். அப்போது வழிவிட வேண்டியவர் நாம். ஒரு குறுகிய ஒலி எழுப்பினால் வலப்புறம் திரும்புகிறேன் என்றும், இரண்டு எழுப்பினால் இடப்புறம் என்றும், மூன்று எழுப்பினால் எஞ்சினைப் பின்னோக்கி இயக்குகிறேன் என்றும் பொருள். ஐந்து ஒலிகள் ஐயத்துக்கும் ஆபத்துக்கும் அடையாளம்.

ஆள் தவறி நீரில் விழுந்துவிட்டால் என்ன செய்வது? எஞ்சின் படகில் உடனே சுக்கானை, ஆள் விழுந்த பக்கம் படகு திரும்பும்படி திருப்ப வேண்டும். அவ்வாறு செய்தால் படகின் பின்புறமும் அங்கே சுழலும் புரொப்பெல்லரும் அவரை விட்டு விலகும். பலரும் பதற்றத்தில் எதிர்ப்புறம் திருப்புகின்றனர். அதனால் புரொப்பெல்லர் விழுந்தவர் மீதே செல்லும். இதனைப் புத்தகத்தில் படித்தால் போதாது. ஒரு காலி டின்னை நீரில் எறிந்து பத்து முறை செய்து பழக வேண்டும். பயிற்சி நிலையம் வேண்டும் என்று நாம் கூறுவதற்கு இந்த ஒன்றே போதிய காரணமாகும்.

லைஃப் ஜாக்கெட் எனப்படும் மிதவைச் சட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படகின் மூலையில் கட்டி வைத்த சட்டை யாரையும் காக்காது. ஏறும்போதே அணிய வேண்டும். குழந்தைகளுக்கு அவர்கள் அளவிலேயே இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்ட கொள்ளிடக் கரை ஓடக்காரர் ஒருவர் நம்மிடம், "முப்பது ஆண்டுகளாக இந்த ஆற்றில் ஓடம் தள்ளுகிறேன், ஐயா. எனக்கு யார் பரீட்சை வைப்பது?" என்று வினவினார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மணல் திட்டு இவ்வாண்டு எங்கே நகர்ந்துள்ளது, நீரின் நிறம் மாறினால் எத்தனை நாழிகையில் வெள்ளம் வரும், எந்த மடுவில் சுழல் உண்டு என்பவற்றை எந்த வகுப்பும் அவருக்குக் கற்பிக்க முடியாது. அவரே வகுப்புக்குக் கற்பிக்கலாம். ஆனால் அவருடைய மகன் அந்த ஓடத்தில் எஞ்சினைப் பூட்டிவிட்டான். கழிக்கு ஏற்ற வேகத்தில் தந்தை கற்ற கலை, எஞ்சினின் வேகத்துக்குப் போதவில்லை. பெட்ரோல் ஆவி, தீ, புரொப்பெல்லர், இரவுப் பயணம் ஆகியவை தந்தை காலத்தில் இல்லாத ஆபத்துகள். ஆகையால் பழைய அறிவுடன் புதிய அறிவையும் சேர்த்துக்கொள்ள வேண்டியுள்ளது. எழுத்தறிவில்லாதவர் தமிழில் வாய்மொழியாக விடையளிக்கவும், படகைச் செலுத்திக் காட்டவும் தேர்வில் இடம் வேண்டும் என்பது நமது உறுதியான கருத்து. இல்லாவிடில் நல்ல ஓடக்காரர் விலக்கப்பட்டு, விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் உள்ளே வந்துவிடுவார்.

உரிமத்தால் வரும் பயன்களுள் பெரிது ஒன்றை இங்கே சொல்ல விரும்புகிறோம். படகுத்துறை ஏலத்தில் அதிகத் தொகை கேட்டவர் அதனை வசூலிக்க வேண்டும். ஆகவே ஆட்களை நெருக்கி ஏற்றச் சொல்லுகிறார். சுக்கான் பிடிப்பவரோ நாட்கூலி பெறுபவர். "இதற்கு மேல் ஏற்ற மாட்டேன்" என்றால் மறுநாள் அவர் இடத்தில் வேறொருவர் நிற்பார். கூட்டமும் அவரை ஏசும். திருவிழா நாளில் துறையில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். அவர் கையில் உரிமம் இருந்தால், "ஏற்றினால் என் லைசென்ஸ் போய்விடும்" என்று சொல்ல அவருக்கு ஒரு பிடிமானம் உண்டாகிறது. உரிமமற்ற ஒருவரைத் துறையில் வைக்கக் கூடாது என்ற விதி இருந்தால், குத்தகைதாரரும் அவரை எளிதில் மாற்ற இயலாது. படகோட்டி "முடியாது" என்று சொல்லும் இடத்திலேதான் பிரயாணிகளின் உயிர் காக்கப்படுகிறது.

ஆகவே துறைகளை ஏலம் விடும் ஒன்றியங்களும் ஊராட்சிகளும் ஏல நிபந்தனைகளைத் திருத்த வேண்டும். எஞ்சின் படகைச் செலுத்துபவரின் தகுதிச் சான்றை ஏலத்துக்கு முன்பே காட்ட வேண்டும் என்றும், ஏற்றத்தக்க ஆட்களின் எண்ணிக்கையைத் துறையிலும் படகிலும் பெரிய எழுத்தில் தமிழில் எழுத வேண்டும் என்றும் சேர்க்கலாம். நீர்மட்டம் குறித்த அளவைத் தாண்டினால் படகு ஓடாது. அந்நாட்களுக்குக் குத்தகைத் தொகையில் கழிவு உண்டு என்பதையும் சேர்ப்பது அவசியம். ஒகேனக்கல்லில் காவிரியின் நீர்வரத்து மிகும்போது பரிசல் இயக்கத்தை மாவட்ட நிர்வாகம் நிறுத்தி வைப்பதை நாம் அவ்வப்போது செய்திகளில் காண்கிறோம். சிறு துறைகளில் அவ்வாறு நிறுத்துவதற்கு ஒருவரும் இல்லை. கழிவு கிடைக்காத குத்தகைதாரர் வெள்ளத்திலும் ஓட்டத்தான் பார்ப்பார். இதனால் ஊராட்சியின் வருமானம் சிறிது குறையும், குறையட்டும்.

பயிற்சிக்கு எங்கே செல்வது? உள்நாட்டுக் கலங்களில் பணிபுரிவோருக்கென மத்திய அரசின் பயிற்சி நிலையம் பாட்னாவில் 2004 முதல் இயங்குகிறது. கடலுக்குச் செல்ல விரும்பும் இளைஞர்களுக்கு, 1963இல் கொச்சியில் நிறுவப்பட்ட சிஃப்நெட் எனும் மத்திய மீன்பிடிக் கலப் பயிற்சி நிறுவனத்தின் கிளை சென்னையிலேயே உண்டு. பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் அங்கே கலம் செலுத்தும் பயிற்சியிலும் எஞ்சின் பயிற்சியிலும் சேரலாம். கரையோர ஊராட்சிகள் இதனைத் தம் இளைஞர்களுக்கு அறிவிக்க வேண்டும். ஆனால் குடும்பத்தையும் கூலியையும் விட்டுவிட்டு நடுவயது ஓடக்காரர் ஒருவர் பாட்னாவுக்குச் செல்வார் என்று எதிர்பார்ப்பது பயனற்றது. பயிற்சியே துறைக்கு வர வேண்டும். பத்துப் பதினைந்து படகோட்டிகள் உள்ள அண்டை ஊராட்சிகள் ஒன்று சேர்ந்து தீர்மானம் நிறைவேற்றி, மாவட்ட நிர்வாகத்தின் வாயிலாகப் பயிற்றுநர்களைக் கேட்கலாம். தீயணைப்புத் துறையினர் மீட்புப் பாடத்தையும், ஆரம்ப சுகாதார நிலையத்தார் நீரில் மூழ்கியவருக்குச் செய்யும் முதலுதவியையும் கற்பிக்கலாம்.

காலமும் பார்த்து நடத்துதல் வேண்டும். மாசி, பங்குனி மாதங்களில் சம்பா அறுவடை முடிந்து ஆட்களுக்கு ஓய்வு கிடைக்கும். ஆற்றிலும் நீரோட்டம் அடங்கியிருக்கும். வகுப்புக்கு வரும் நாட்களில் படகோட்டியின் கூலி நின்றுபோகுமாதலால், அதற்கு ஈடான தொகையை ஒதுக்கிய பின்னரே பயிற்சி நாளை அறிவிக்க வேண்டும். வகுப்புக்கு வர வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியலை அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே தயாரித்துவிடலாம்.