துப்பாக்கி சுடும் தளத்தில் ‘நிறுத்து’ என்று சொல்பவர் யார்?

2021 டிசம்பர் 30. தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில், நார்த்தாமலைக்கு அருகிலுள்ள துப்பாக்கி சுடும் தளத்தில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அங்கிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு தோட்டா பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உயிருக்குப் போராடிய அவன், 2022 ஜனவரி 3ஆம் தேதி இறந்துபோனான். தளத்தைத் தற்காலிகமாக மூட உத்தரவு வந்தது. குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் உதவித்தொகையை மாநில அரசு அறிவித்தது.

கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர் தோட்டங்களில் புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நிறைய பேர் இருக்கிறார்கள். அந்தச் செய்தி அவர்களை உலுக்கியிருக்கும். ஆனால் இதை வெறும் ஊர்ச் செய்தியாக விட்டுவிட முடியாது. 2004இல் தொடங்கிய தேசிய சேவைப் பயிற்சியில் நம் வீட்டுப் பிள்ளைகளும் எம்-16 துப்பாக்கி சுடக் கற்றார்கள். தன்னார்வப் படையான அஸ்கார் வத்தானியாவில் சேர்ந்த நம் இளைஞர்கள் உண்டு. இராணுவத்திலும் போலீஸிலும் பணியாற்றியவர்கள் தோட்டத்துக்கு ஒருவராவது இருப்பார்கள். மலாயில் ‘லாபாங் சாசார்’ எனப்படும் சுடுதளத்தில் ஒருவர் தோட்டாவை ஏற்றும்போது, அங்கிருப்பவர்களின் உயிருக்கும் அக்கம்பக்கத்து மக்களின் உயிருக்கும் பொறுப்பு யார்? அந்தப் பொறுப்பு அவருக்கு எப்படிக் கொடுக்கப்படுகிறது? பலருக்கும் தெரியாத விஷயம் இது.

முதலில் தோட்டா எவ்வளவு தூரம் போகும் என்று பார்ப்போம். நம் இராணுவமும் பயன்படுத்தும் 5.56 மில்லிமீட்டர் துப்பாக்கியால் வீரர்கள் பெரும்பாலும் 300 மீட்டருக்குள் உள்ள இலக்கைச் சுட்டுப் பழகுகிறார்கள். அதனால் 300 மீட்டரோடு ஆபத்து முடிந்துவிடுகிறது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் தடுப்பு எதுவும் இல்லாவிட்டால், சற்று மேல்நோக்கிச் சுட்ட அந்தத் தோட்டா 3 கிலோமீட்டருக்கும் மேல் போகும். 7.62 மில்லிமீட்டர் தோட்டா 4 கிலோமீட்டரைத் தொடும். புக்கிட் மலாவத்தியில் நின்று சுட்டால் ஆற்றைத் தாண்டி பாசிர் பெனாம்பாங் வீடுகளையும் கடந்துவிடும் தூரம் அது. (அந்தக் குன்றின் மேல் இருக்கும் பழைய பீரங்கிகளோடு இதை ஒப்பிட வேண்டாம். இன்றைய சாதாரணத் துப்பாக்கியே அவற்றைவிட வெகுதூரம் சுடும்.) போதாததற்கு, பாறையிலோ இரும்பிலோ பட்ட தோட்டா திசை மாறித் தெறிக்கும்.

ஆகவே, சுடுதளம் என்பது சுடுபவர் படுத்திருக்கும் இடமும் இலக்குப் பலகையும் மட்டுமல்ல. இலக்குக்குப் பின்னாலும் இரு பக்கங்களிலும் விசிறிபோல் விரியும் ஆபத்துப் பகுதியும் சேர்ந்ததுதான் சுடுதளம். எந்த ஆயுதம், எந்தத் தோட்டா, எந்த இடத்திலிருந்து எந்தத் திசையில் என்பதைப் பொறுத்து அந்த விசிறியின் நீள அகலம் மாறும். நேற்று கைத்துப்பாக்கிக்குப் பாதுகாப்பாக இருந்த தளம், இன்று இயந்திரத் துப்பாக்கிக்குப் போதாமல் போகலாம். பின்னால் மலை இருக்கிறது, மண்மேடு இருக்கிறது என்பதும் முழு உத்தரவாதம் ஆகாது. அந்த மேட்டுக்கு மேலாகச் சுட முடியாதபடி சுடுபவரும் இலக்கும் சரியான இடத்தில் இருந்தால்தான் மேடு பயன்படும்.

இந்தக் கணக்கைத் தெரிந்த ஒருவர் அங்கே நிற்க வேண்டும். அதற்குத்தான் பாதுகாப்பு அதிகாரி.

பல நாட்டு இராணுவங்களில் இந்தப் பொறுப்பைப் பிரித்தே கொடுக்கிறார்கள். அமெரிக்கத் தரைப்படையின் விதிப்படி, உண்மையான தோட்டாவைக் கொண்டு நடக்கும் ஒவ்வொரு பயிற்சிக்கும் இருவரை நியமிக்க வேண்டும். ஒருவர் பயிற்சிக்கு முழுப் பொறுப்பாளர். மற்றவர் சுடுதளப் பாதுகாப்பு அதிகாரி. பயிற்சி நடக்கும் நேரத்தில் இந்த இரண்டாமவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. அவர் சுடக் கூடாது, சொல்லிக் கொடுக்கவும் கூடாது. சாப்பாட்டு லோரி வந்துவிட்டதா என்று பார்ப்பதும் அவர் வேலையல்ல. கண்காணிப்பது ஒன்றுதான் அவர் வேலை. பிரிட்டனிலும் பயிற்சியைத் திட்டமிடுபவர், களத்தில் நடத்துபவர், பாதுகாப்புக்கு உதவுபவர் என்று பொறுப்புகளைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

யாரை நியமிக்கலாம்? பதவி மட்டும் போதாது என்பதுதான் இதில் முக்கியமானது. பெரிய கிராணி என்பதற்காக ஒருவருக்கு மருந்து அடிக்கும் பம்பைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியுமா? அதுபோலத்தான் இதுவும். குறிப்பிட்ட தகுதிநிலைக்கு மேற்பட்டவராக இருப்பது முதல் படி. அதற்குமேல், அன்று சுடப்போகும் ஆயுதத்தில் அவருக்குத் தேர்ச்சி இருக்க வேண்டும். சுடுதளப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அந்தத் தளத்தின் எல்லை, தடைகள், உள்ளூர் விதிகள் என்னென்ன என்பது அவருக்கு விளக்கப்பட்டிருக்க வேண்டும். இவற்றையெல்லாம் சரிபார்த்து, இன்னார் தகுதியானவர் என்று அவருடைய படைப்பிரிவின் தளபதி பெயர் குறிப்பிட்டு நியமிக்க வேண்டும். துப்பாக்கிக்குத் தகுதி பெற்றவர் அதே சான்றை வைத்துக்கொண்டு மோர்ட்டார் பயிற்சிக்குப் போய் நிற்க முடியாது. கார் லைசென்ஸை வைத்துக்கொண்டு லோரி ஓட்ட முடியுமா? நியமனம் ஆளைப் பொறுத்தது, ஆயுதத்தையும் பொறுத்தது.

அவர் வேலை முதல் தோட்டா வெடிப்பதற்கு வெகுநேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. ஆபத்துப் பகுதிக்குள் ஆள் நடமாட்டம் இருக்கிறதா, மாடு மேய்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே வரும் பாதைகளில் காவலுக்கு ஆள் நிறுத்தி, சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும். காவலர்களோடு வோக்கி-டோக்கித் தொடர்பு சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். முதலுதவி தெரிந்தவரும், காயம்பட்டவரை ஏற்றிப்போக வண்டியும் தளத்திலேயே இருக்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரி, எந்த வழி என்பதையும் அப்போதே முடிவு செய்துவிட வேண்டும். எத்தனை தோட்டா வந்தது என்று எண்ண வேண்டும். எல்லாரையும் கூட்டி, இடது எல்லை எது, வலது எல்லை எது, துப்பாக்கி சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று சொல்ல வேண்டும். குழல் எப்போதும் இலக்குத் திசையை நோக்கியே இருக்க வேண்டும். “சார், சுட வரலை” என்று துப்பாக்கியோடு திரும்பிப் பார்க்கும் புதிய பையன்தான் எந்தச் சுடுதளத்திலும் பெரிய ஆபத்து என்று ஓய்வுபெற்ற வீரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சுடும்போது அவர் பார்வை இலக்கின் மேல் இருக்காது. சுடுபவர்களின் கை, குழல், முகம் இவற்றின் மேல் இருக்கும். மின்னல் வெட்டினாலும், மழையில் இலக்கு மறைந்தாலும், கொடி விழுந்தாலும், தொடர்பு அறுந்தாலும் நிறுத்தச் சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் ஒளிவிடும் தோட்டா பட்டு லாலாங் புல் பற்றிக்கொள்வதும் உண்டு. முடிந்த பிறகு ஒவ்வொரு துப்பாக்கியும் காலியாக இருக்கிறதா என்று பார்த்து, தோட்டாக் கணக்கை ஒப்பிட வேண்டும். பிரிட்டிஷ் மரபில் வந்த இராணுவங்களில், தன்னிடம் தோட்டாவோ காலி உறையோ இல்லை என்று ஒவ்வொருவரும் வாயால் சொல்லிவிட்டுத்தான் தளத்தை விட்டுப் போக வேண்டும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சுடச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் ஒருவருக்குத்தான் இருக்கும். ‘நிறுத்து’ என்று கத்தும் உரிமையோ அங்கிருக்கும் அத்தனை பேருக்கும் உண்டு. கடைநிலைச் சிப்பாய் கத்தினாலும் சுடுவது நிற்க வேண்டும். ஏன் கத்தினாய் என்ற கேள்வியைப் பிறகு கேட்கலாம். சீருடை உலகத்தில் பதவி பெரிது. அங்கேயே இப்படி ஒரு விதி வைத்திருக்கிறார்கள் என்றால், எத்தனை உயிரைப் பறிகொடுத்துக் கற்றிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இத்தனை விதி இருந்தும் தவறு நடப்பதில்லையா? நடக்கிறது. 2012 மே 2ஆம் தேதி, பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் காசில்மார்ட்டின் என்ற பெரிய இராணுவச் சுடுதளத்தில் 21 வயது வீரர் ஒருவர் இறந்தார். அவர் சுடும் பயிற்சியிலேயே இல்லை. பாதுகாப்பான இடம் என்று நம்பிய இடத்தில் நின்றிருந்தார். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி நடந்த வேறொரு பயிற்சியில் சுட்ட இயந்திரத் துப்பாக்கித் தோட்டா அவர் நெற்றியில் பாய்ந்தது. இலக்குகளை வைத்த விதத்தால், சுட்ட தோட்டாக்கள் அவர் நின்ற பக்கம் பறந்திருக்கின்றன. 2018இல் இராணுவ நீதிமன்றம் மூன்று பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. பயிற்சியைத் திட்டமிட்ட கேப்டனுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. சுட்ட வீரர் மேல் பழி விழவில்லை என்பதைக் கவனியுங்கள். சொன்ன திசையில் சுடுவது அவர் வேலை. அந்தத் திசை சரிதானா என்று பார்க்க நியமிக்கப்பட்டவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

மலேசியாவில் இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். வேலையிடப் பாதுகாப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். அந்தச் சட்டம் பிறக்க ஒரு முக்கியக் காரணம் நம் வட்டாரத்துக்கு மிக அருகில் நடந்த விபத்து. கோலசிலாங்கூர் பழைய சாலை தொடங்கும் சுங்கை பூலோவில், 1991 மே 7ஆம் தேதி பிரைட் ஸ்பார்க்ளர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அன்று அந்தச் சத்தத்தைக் கேட்ட மூத்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அந்தச் சட்டத்தின் 2022 திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்பின் நாட்டின் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களும் இதற்குள் வந்துவிட்டன. விலக்குப் பெற்றவை மிகச் சில: வீட்டு வேலை, தனிச் சட்டம் உள்ள கப்பல் வேலை, இராணுவம். அதாவது, ஒரு தோட்டத்தின் மருந்துக் கிடங்கை ஜே.கே.கே.பி. அதிகாரி வந்து சோதிக்கலாம். இராணுவச் சுடுதளத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே இராணுவத்தின் சொந்த விதிகளும், அந்த விதிப்படி நியமிக்கப்பட்டவரும்தான் காவல். இரகசியம், போர்த்தயார்நிலை என்று இந்த விலக்குக்குக் காரணம் சொல்லலாம். அதில் நியாயமும் உண்டு. ஆனால் வெளியிலிருந்து வந்து கேட்க ஆளில்லாத இடத்தில், உள்ளே நிற்பவரின் தகுதி இரட்டிப்பாக முக்கியமாகிறது என்பது என் கருத்து.

இதே திருத்தம் நம் தோட்டங்களுக்கும் ஒரு கடமையை வைத்திருக்கிறது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள முதலாளி, அவர்களில் ஒருவரைப் பாதுகாப்பு, சுகாதார ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும். பாதுகாப்பு அதிகாரி வைக்க வேண்டிய பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் இது தேவையில்லை. நியமிக்காவிட்டால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 40 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்தால் பாதுகாப்புக் குழுவும் வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகவும் சட்டம் உரிமை தருகிறது. சுடுதளத்தின் ‘நிறுத்து’ என்ற குரலுக்குத் தோட்டத்தில் இருக்கும் உறவுமுறை இதுதான். எங்கள் தோட்டத்தில் அந்த ஒருங்கிணைப்பாளர் யார் என்று கேட்டால், எத்தனை பேரால் பெயர் சொல்ல முடியும்? ஆபீஸ் சுவரில் ஒரு பெயரை ஒட்டிவிட்டு, அந்த ஆளை நாள் முழுவதும் லோரி எடை போட அனுப்பினால் அது நியமனமே அல்ல.

பிள்ளையைப் பயிற்சி முகாமுக்கு அனுப்பும் பெற்றோர் சில கேள்விகளைக் கேட்கலாம். சுடும் பயிற்சி எந்த நாள்களில்? சுடும் இடத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பயிற்றுநர்? அன்றைய பாதுகாப்புப் பொறுப்பாளர் தனியாக நியமிக்கப்பட்டவரா, அல்லது பயிற்றுநரே அதையும் சேர்த்துப் பார்க்கிறாரா? அருகில் எந்த ஆஸ்பத்திரி? இவற்றில் எதுவும் இராணுவ இரகசியம் இல்லை. மரியாதையாகக் கேட்டால் முகாம் அதிகாரிகள் பதில் சொல்வார்கள். காது கேட்கும் திறனில் குறை, வலிப்பு, மூச்சுத்திணறல் போன்றவை பிள்ளைக்கு இருந்தால் பாரத்தில் மறைக்காதீர்கள். சுடுமிடத்தில் கட்டளை காதில் விழாத ஒருவர், தனக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் ஆபத்து.

பாசிர் பெனாம்பாங், தஞ்சோங் காராங், செகிஞ்சான் மீனவர்களுக்கும் இது தொடர்புடையது. கடலில் சுடும் பயிற்சி நடக்கும்போது நாள், நேரம், எல்லையைக் குறிப்பிட்டுக் கடல்துறை இலாகா மாலுமிகளுக்கு அறிவிப்பு வெளியிடுவது வழக்கம். வலை வீசப் போகுமுன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

கடைசியாக, பழைய இரும்பு பொறுக்குபவர்களுக்கு. சுடுதளத்தை ஒட்டிய காட்டிலும் புதிதாக நடவு செய்யும் நிலத்திலும் துருப்பிடித்த குண்டு கிடைக்கலாம். இரண்டாம் உலகப்போர்க் குண்டுகள் இன்றும் இந்நாட்டில் மண்ணுக்குள்ளிருந்து வெளிவருகின்றன. துரு பிடித்ததால் அது செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. தொடாமல், நகர்த்தாமல், இடத்தை மட்டும் அடையாளம் வைத்துக்கொண்டு தள்ளி வந்து 999க்கு அழையுங்கள். போலீஸ் வரும்வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.