காய்ந்த விளிம்பு
மிருதங்கத்தின் இடந்தலையில் அப்பிய ரவை காய்ந்தால் கும்கி எழுவதில்லை. பழைய ஒலிபெருக்கியின் கதியும் ஏறக்குறைய இதுவே.

காகிதக் கூம்பைச் சுற்றியுள்ள துணி விளிம்பில் பிசுபிசுப்பான பூச்சொன்று உண்டு. அதை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் காலப்போக்கில் வெளியேறிவிடுகிறது. டில்லிக் கோடை அதனை விரைவுபடுத்தும். விளிம்பு விறைத்ததும் கூம்பு தாராளமாக அசையாது, கீழ்ச்சுருதி மெலிந்துவிடும்.

உடனே செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லஜபத்ராய் மார்க்கெட்டுக்கு ஓடி, விறைப்பு ஒன்றுக்காகக் கூம்பையே மாற்றிவிடாதீர்கள். அந்தக் குரல் போனால் போனதுதான்.

முதலில் 'டாட் 4' பிரேக் ஆயிலை (பெயர்தான் ஆயில், உள்ளது கிளைக்கால் வகைத் திரவம்) மென்தூரிகையால் துணி விளிம்பின் ஓரிடத்தில் மட்டும் தடவிப் பாருங்கள். மறுநாள் இளகியிருந்தால் சுற்றிலும் தடவலாம். காகிதத்தில் படக்கூடாது, ஊறிவிடும். நுரை விளிம்புக்கு இவ்வித்தை பலிக்காது; பொடிந்தபின் மாற்றத்தான் வேண்டும்.