துருப்பிடித்த டிராக்டர் சக்கர நட்டைக் கழற்றும் முறை



நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் கண்மாய்ப் பாசனம் அதிகம். கண்மாய் பெருகியதும் சேற்றுழவுக்குக் கேஜ் வீல் மாட்டுகிறோம். உழவு முடிந்ததும் சேற்றோடு சேற்றாகக் கொட்டகையில் நிறுத்திவிடுகிறோம். அடுத்த பருவத்தில் நட்டைத் திருகினால் அசையமாட்டேன் என்கிறது. காரணம் என்ன? இரும்பு துருவாக மாறும்போது முன்னைவிட அதிக இடத்தை அடைக்கும். மரையில் உள்ள சந்து முழுவதும் துரு இறுகி, ஆப்பு அடித்தாற்போல் ஆகிவிடும்.

இதற்குப் பலத்தைவிடப் பொறுமைதான் வேண்டும். கம்பி பிரஷால் மரையைத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். கிடைக்காவிட்டால் டீசல் விடலாம். ஒரு இரவு ஊறட்டும். நட்டின் பக்கங்களில் சுத்தியால் லேசாகத் தட்டினால் துரு விரிந்து எண்ணெய் உள்ளே இறங்கும். போல்ட் நுனியில் அடிக்காதீங்க, மரை நசுங்கிவிடும்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டை இளக்க வேண்டும், பிறகுதான் ஜாக்கி. அளவான ரிங் ஸ்பானர் போடுங்கள். முதலில் கொஞ்சம் இறுக்கிப் பாருங்கள், துருப்பிடி விடும். பிறகு கால் சுற்று கழற்றி, சற்றுத் திருப்பி இறுக்கி, எண்ணெய் விட்டு மறுபடி கழற்றுங்கள். ஸ்பானரில் நீளக் குழாய் மாட்டி ஏறி மிதித்தால் போல்ட் முறியும், ஆளும் விழுவார்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. ரிம்மில் டயர் இருக்கும்போது நட்டைக் காஸ் வைத்துச் சூடாக்கவே கூடாது. காற்றை இறக்கிவிட்டாலும் கூடாது. சூட்டில் ரப்பர் உள்ளுக்குள் வெந்து எரிவாயு சேரும். தீயை அணைத்த பிறகும் டயர் வெடித்து உயிரைக் குடிக்கலாம். பட்டறைக்காரர் "ஒரு நிமிஷ வேலைதான்" என்றாலும் சம்மதிக்காதீங்க. அசையாத நட்டை உளியால் பிளந்தோ, ரம்பத்தால் அறுத்தோ எடுங்கள். நட்டு போனால் கொஞ்சக் காசு, அவ்வளவுதான்.

தேய்ந்த போல்ட்டை மறுபடி மாட்டவேண்டாம். தலையில் 8.8, 10.9 என்று பலத்தின் எண் இருக்கும். அதே எண் உள்ளதையே வாங்குங்கள். நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, சிறிது நேரம் ஓட்டியபின் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

சேற்றுழவு முடிந்த அன்றே கேஜ் வீலைக் கழற்றிக் கழுவிக் காயவைத்தால், அடுத்த வருஷம் இந்தப் பாடே இல்லை.